நாலாம் நம்பர் படம்

மூன்றாவது படத்தின் பெயரை வாசித்து முடித்த தங்கையா, நேராக ஐந்தாவதுக்குத் தாவினான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எண்பத்து மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தேயிலை எஸ்டேட் டிவிஷனில் எழுத்துக் கூட்டத் தெரிந்த தொழிலாளி அவன் ஒருவன்தான். அதுவும் முப்பது வயதுக்கு மேல், இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் சும்மா கிடந்த நாட்களில் பிடித்துக்கொண்ட படிப்பு. அதனால் அவன் வாசித்தால் உண்டு, வாசிக்காவிட்டால் இல்லை.

ஆனால் பக்கத்தில் நின்ற ஃபீல்டு ஆபீசர் டக்ளஸ் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

“நாலு எங்கப்பா?”

“நாலு வந்துங்க ஐயா, மழையில நனைஞ்சு அழிஞ்சு போயிருக்கு.”

“குடு பாக்கலாம்.”

காகிதம் கை மாறியது. டக்ளஸ் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். “நல்லாத்தானப்பா இருக்குது. நம்ம மலையில எடுத்த படம். அரவேணுப் பக்கம் மூணு நாள் ஷூட்டிங் நடந்துச்சே, அதுதான் இது.”

களம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. நம்ம மலையா, நம்ம ரோடா, நம்ம தேயிலையா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். சும்மா விட்டிருந்தால் ஆறில் ஒன்றாகக் கிடந்திருக்கும் படம். மறைக்கப் போனதால் தனியாக எழுந்து நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். கீழ் கோத்தகிரிச் சரிவில், ரோடு முடிகிற இடத்தில் இருந்தது அந்த டிவிஷன். ஐப்பசி மழை பிடித்தால் எங்காவது ஓர் இடத்தில் மண் சரிந்து ரோடு போய்விடும். பிறகு இரண்டு மாதத்துக்கு லாரி கிடையாது, பஸ் கிடையாது. அரிசி மூட்டைகூடத் தலைச்சுமையாகத்தான் வரும். போன வருஷம் அப்படி அடைபட்டுக் கிடந்தபோது, பொழுது போகாமல், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் சண்டை. ஒரு சேவலுக்காக ஏழு மண்டை உடைந்தது. அதனால் எஸ்டேட் மேனேஜரான பெரிய துரை இந்த வருஷம் ஓர் ஏற்பாடு செய்தார். ஊட்டி காந்தலில் இருந்து படப் பெட்டியும் மிஷினுமாக எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிற அம்புரோஸ், மழைக்கு முன்னால் இறங்கி வந்து ரோடு திறக்கும்வரை இங்கேயே தங்குவார். அவருடைய சின்ன வண்டியில் மிஷின் போக மூன்று படத்துக்குத்தான் இடம். கையில் இருப்பதோ ஆறு.

“ரெண்டு மாசத்துக்கு நம்ம டிவிஷன ஒரு தீவுன்னு வெச்சுக்கங்க,” என்றார் டக்ளஸ். “சுத்தியும் தண்ணி. இந்த மூணு படத்தத்தான் திருப்பித் திருப்பிப் பாக்கோணும். யோசிச்சு எடுங்க.”

தெய்வம்மா கிழவி வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். “தீவே வேணாம்னுதானய்யா கப்பலேறி வந்தோம். இங்கயும் தீவா?”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் அந்த மூன்று நாள் ஷூட்டிங் நடந்தபோது, தங்கையா வலது காலில் சுளுக்கு என்று சொல்லி டக்ளஸிடம் லீவு வாங்கியிருந்தான். காலை ஊன முடியவில்லை, நட்சத்திரம் தெரிகிறது என்றெல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு, அதே காலோடு எட்டு மைல் நடந்து அரவேணுவுக்குப் போனான். கதாநாயகன் ஊர் திரும்பும் காட்சி. ஜனங்கள் ரோட்டோரத்தில் நின்று குதித்து ஆட வேண்டும். குதிக்க ஆள் போதவில்லை. தங்கையா போய் முன் வரிசையில் நின்றான். அவன் குதித்ததைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் காமிராவுக்கு நேரே நிற்கட்டும் என்று படக்காரர்களே இழுத்து வைத்தார்களாம். மூன்று நாளும் மத்தியானச் சோறு, கூடவே முட்டை. திரும்பி வந்து, ஒரு மாதம் நொண்டி நடந்து கணக்கைச் சரிசெய்தான்.

அப்போது அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. ஏழு வருஷமாகத் தற்காலிகம் என்ற பேரில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற அவன் பெயர், இந்த மழை முடிந்ததும் நிரந்தரமாகிறவர்களின் பட்டியலில் இருந்தது. நிரந்தரமானால் இரண்டு அறை வீடு. இப்போது இருப்பது பாதி அறை. நடுவில் சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தும்மினால் இந்தப் பக்கம் விளக்கு அணையும். பட்டியலில் நடத்தைக்கு நேரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் டக்ளஸ். அவரிடம் எதுவும் செல்லும், பொய் லீவு மட்டும் செல்லாது. மாமனார் செத்துவிட்டார் என்று லீவு போட்ட ஒருத்தனின் மாமனார், மறுமாதம் தோளில் பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். பலாப்பழத்தில் டக்ளஸுக்கும் நாலு சுளை போனது. தின்று முடித்துக் கையைத் துடைத்துவிட்டு அவன் பெயரை அடித்தார்.

அன்று சாயங்காலம் தங்கையா வீட்டுக்குள் தலையை நுழைத்தபோது, பெண்சாதி சின்னம்மை அடுப்பை ஊதாமல் அவனையே பார்த்தாள். அவளுக்குக் கதை முழுக்கத் தெரியும். தெரிந்த ஒரே ஆள் அவள்.

“நாலாம் நம்பர் வருதாமே.”

“வராது. வர விடமாட்டேன்.”

“ஏன் வரக்கூடாது? ஒரு வருசமா நான் நடிச்சேன் நடிச்சேன்னு சொல்லிச் சொல்லி என் காதத் தின்னீங்க. ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கன்னா ஏலாதுன்னீங்க. இப்ப படமே நடந்து வருது, அதையும் பாக்க ஏலாதா?”

“சின்னம்மை, ரெண்டு ரூம் வீடு.”

“வீட்ட எப்ப வேணாலும் பாக்கலாம்.”

அவளோடு வாதாடுவதும் பாறையில் முள்ளுக்கம்பு நடுவதும் ஒன்று என்று அவனுக்குத் தெரியும். மெதுவாகத் திரைக்கு அந்தப் பக்கம் யாரும் கேட்காதபடி, படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் வேறு படத்தைச் சொல்லும்படி கெஞ்சினான். அவள் குனிந்து அடுப்பை ஊதினாள்.

மறுநாளே அவன் வேலையில் இறங்கினான். முதலில் பெண்கள். கொழுந்துக்காட்டின் ஓரத்தில் தெய்வம்மாவைப் பிடித்து, நாலாம் நம்பர் படத்தில் கடைசியில் எல்லோரும் செத்துப்போவார்கள் என்று சொல்லிவைத்தான். கதாநாயகி சாவாள், மாமியார் சாவாள், வண்டி மாடும் சாகும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் அதைப் பார்ப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றான்.

தெய்வம்மா கூடையை இறக்கி வைத்தாள். “மாடுமா?”

“மாடுந்தான் ஆத்தா.”

“அப்ப நல்லா அழலாம்,” என்றாள் கிழவி. “கப்பல் ஏறும்போது அழுதது. அதுக்கப்புறம் ஒக்காந்து அழ நேரம் எங்க கெடச்சுது?”

சாயங்காலத்துக்குள் கொழுந்து எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் நாலாம் நம்பர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். முந்தானையில் துடைக்க முடியாத அழுகையாம், துண்டு கொண்டுபோக வேண்டுமாம் என்று பேசிக்கொண்டார்கள்.

சரி, இளவட்டங்களையாவது கலைப்போம் என்று போனான். அதில் ஒரு சண்டைகூடக் கிடையாது, ஒருவன் ஒருவனைத் தொடக்கூட மாட்டான், தூக்கம் வரும் என்றான். அவர்கள் பெண்கள் பக்கத்திலிருந்து ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தார்கள். சண்டையே இல்லாமல் அத்தனை பேர் எப்படிச் சாவார்கள் என்று கேட்டார்கள். தங்கையா யோசிக்காமல் காலரா என்றான். மாட்டுக்கும் காலராவா என்றார்கள். அவன் மெல்ல நழுவினான். அந்தப் படத்தில் மலைமேல் ஒரு பெருஞ்சண்டை இருக்கிறது, பெண்கள் பயந்துவிடக்கூடாதென்று தங்கையா அண்ணன் மறைக்கிறார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

இரண்டு நாளில் அழுகையும் சண்டையும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே படம் என்ற பேர் நாலாம் நம்பருக்கு வந்துவிட்டது. மற்ற ஐந்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

படம் காட்டப்போகிற இடம் பிள்ளை மடுவம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற நீளக் கட்டடம். லயத்தில் இல்லாத கரண்டு அங்கே மட்டும் உண்டு. பகலில் படம் போட வசதியாக ஜன்னல்களைச் சாக்கால் அடைக்கச் சொல்லித் தங்கையாவைத்தான் அனுப்பினார்கள். மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மெட்டில்டா, டக்ளஸின் வீட்டம்மா. ஒரு கையில் அழுகிற குழந்தையும் மறு கையில் பால் டம்ளருமாக நின்று பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் ஒரு செய்தியைப் போட்டார்.

“நாலாம் நம்பர் வந்தா ஐயாவுக்குத்தானுங்க சந்தோஷம். ஊட்டியில ஓடுனப்ப ஆறு தடவ பாத்தாரு.”

ஆணி தங்கையாவின் கட்டைவிரலில் இறங்கியது. வலியை விழுங்கிக்கொண்டு, ஐயாவுக்கு அவ்வளவு பிடித்த படமா என்று கேட்டான்.

“படம் எங்கீங்க புடிச்சுது. ஒரு எடம் வருது. ஊர்க்காரங்க எல்லாம் நின்னு ஆடுவாங்க. அந்த எடத்துக்கு மட்டும் சீட்டு நுனியில வந்து உக்காந்து உத்து உத்துப் பாப்பாரு. அது போனதும், வா ஊட்டுக்குப் போலாம்னுருவாரு.”

தங்கையாவுக்கு மலை ஒருமுறை சுற்றி நின்றது. ஆறு தடவை. ஒரு தடவை சந்தேகம், இரண்டாம் தடவை சாட்சி. ஆறு தடவை என்றால் மனுஷன் கோர்ட்டில் வைக்கிற அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறார். இப்போது எண்பத்து மூன்று பேருக்கு முன்னால் போட்டுக் காட்டி, இதோ பார் இவன் கால் என்று கேட்கப்போகிறார்.

அந்த நேரம் பார்த்து டக்ளஸே ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்தார். தங்கையாவின் கால் தானாக நொண்ட ஆரம்பித்தது.

“என்னப்பா ஆச்சு?”

“பழைய சுளுக்குங்க ஐயா. மழைக்கு வலிக்குது.”

“போன வருஷம் சோத்தாங்கால்தான சொன்ன?”

தங்கையா குனிந்து பார்த்தான். இடது காலைத்தான் தூக்கி வைத்திருந்தான். “அது மெல்ல எறங்கி இந்தப் பக்கம் வந்துருச்சுங்க,” என்றான்.

டக்ளஸ் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவர் பார்வை காலில் நிற்கவே இல்லை. அவன் தலையைப் பார்த்தார். காதிலிருந்து காது வரை, உச்சியிலிருந்து தாடை வரை, வாங்கப் போகிற பூசணிக்காயைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டார். திரையில் பார்த்த முகத்தோடு ஒத்துப் பார்க்கிறார் என்று தங்கையா புரிந்துகொண்டான்.

இனி படத்தைத் தேர்ந்தெடுக்கிற முறையிலேயே கை வைத்தால்தான் உண்டு என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தான்.

கையைத் தூக்கச் சொன்னால் நாலாம் நம்பர் ஜெயிப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சீட்டு எழுதச் சொன்னால் எழுதத் தெரிந்தவர் இல்லை. ஆகவே டக்ளஸிடம் போய் ஒரு யோசனை சொன்னான். ஆறு படத்துக்கு ஆறு கூடை. ஆளுக்கு ஒரு கொழுந்து. பிடித்த படத்தின் கூடையில் ரகசியமாகப் போட்டுவிட்டுப் போகவேண்டியது. எந்த மூன்று கூடையில் அதிகமோ அந்த மூன்று படம். டக்ளஸுக்கு யோசனை பிடித்துப்போனது. கூடைக்குக் காவலாகத் தங்கையாவே நிற்பான் என்று ஏற்பாடானது. அவனுக்கு வேண்டியதும் அதுதான். நாலாவது கூடையில் ஐம்பது கொழுந்து விழுந்தாலும், ஒரு கைப்பிடியாக அள்ளிச் சட்டைக்குள் போட எவ்வளவு நேரமாகும்.

ஓட்டு என்ற சொல் லயத்தைக் கிறுக்குப் பிடிக்க வைத்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. இந்தப் பக்கம் வந்து இத்தனை வருஷமாகியும் பாதிப் பேரின் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் ஏறவில்லை. சினிமாவுக்கானாலும் ஓட்டு ஓட்டுத்தானே. ஞாயிற்றுக்கிழமை காலை பெண்கள் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தெய்வம்மா தலைக்குக் குளித்திருந்தாள். சின்னம்மை பூ வைத்திருந்தாள்.

ஆனால் ஒன்றைத் தங்கையா யோசிக்கவில்லை. பத்து வயதிலிருந்து கொழுந்து எடுத்த கை, கூடையைக் கண்டால் ஒற்றைக் கொழுந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வராது.

முதல் பெண் ஒரு கொழுந்தைக் கிள்ளி நாலாவது கூடையில் போட்டாள். கூடை காலியாகக் கிடந்தது அவளுக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். பக்கத்துச் செடியில் இன்னும் இரண்டு கை எடுத்துப் போட்டாள். அடுத்தவள் மடியோடு கொண்டுவந்து கவிழ்த்தாள். தெய்வம்மா வந்து கையால் அமுக்கி இடம் பண்ணிவிட்டு மேலே குவித்தாள். ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று தங்கையா கத்திக்கொண்டே இருந்தான். பேர் விழ வேண்டாமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நிறையக் கொடுத்தால்தான் அன்றைய பேர், அதாவது முழு நாள் கூலி, விழும் என்பது அவர்கள் எலும்பில் ஊறிய கணக்கு. சின்னம்மை முழுக்கூடை ஒன்றைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு வந்து, புருஷனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அப்படியே கொட்டினாள்.

நாலாவது கூடை நிரம்பி வழிந்து, அதன் பக்கத்தில் ஒரு குவியல் எழுந்தது. சட்டைக்குள் அல்ல, சாக்கு கொண்டுவந்தாலும் அள்ள முடியாது.

“எண்ண முடியாதுப்பா,” என்றார் டக்ளஸ். “தராச எடுத்துட்டு வா.”

தங்கையாவுக்குக் கடைசி நூலொன்று கிடைத்தது. ஈரக் கொழுந்து, எடையில் தண்ணீர்க் கழிவு போட வேண்டும், நாலாவது கூடைதான் ரொம்ப நனைந்திருக்கிறது, பாதியாவது கழிக்க வேண்டும் என்றான். களத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. டக்ளஸ் கையைத் தூக்கினார். இது ஓட்டு, ஓட்டுக்குக் கழிவு கிடையாது என்றார்.

கழிவில்லாமல் தராசு ஆடியது அவர்கள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பெண்கள் குலவை போட்டார்கள். நாலாம் நம்பர் படம் நாற்பத்தொரு கிலோவில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்த சாமி படம் ஆறு கிலோ. மூன்றாவது எது என்று யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை அம்புரோஸ் வந்து சேர்ந்தார். வண்டி மடுவத்து வாசலில் நின்ற கால்மணி நேரத்தில் பின்னால் ரோடு சரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் சிலுவை போட்டுக்கொண்டார். தங்கையாதான் படப் பெட்டிகளை இறக்கினான். நாலாம் நம்பர் பெட்டியை மட்டும் கொஞ்சம் நேரம் கையிலேயே வைத்திருந்தான். பள்ளம் பக்கத்தில்தான் இருந்தது.

“அண்ணே, அதப் போட்டுட்டீங்கன்னா நானும் பின்னாலயே குதிக்கோணும்,” என்றார் அம்புரோஸ். “கம்பெனிக்காரன் என்னத் தோலுரிச்சுருவான்.”

தங்கையா பெட்டியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஒரு துண்டை வெட்டிவிட முடியாதா என்று கேட்டான். வெட்ட முடியாது, சுருள் தன்னுடையது அல்ல என்றார் அம்புரோஸ். ஆனால் அவருக்கும் மனசு இளகியது. மிஷின் பக்கத்தில் உதவிக்கு நிற்பதுபோல நில், உன் இடம் வரும்போது கண்ணாடி முன்னால் ஒரு நொடி கையை வை, மிஷின் மக்கர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். தங்கையா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை மழை கொட்டியது. வேலையில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு மடுவம் நிறைந்துவிட்டது. தொட்டில்களைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். முன்னால் பாய் விரித்து ஜனங்கள். அதற்குப் பின்னால் இரண்டு நாற்காலியில் டக்ளஸும் மெட்டில்டாவும். சின்னம்மை திரைக்கு மூன்று முழத் தூரத்தில் இடம் பிடித்திருந்தாள்.

படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தங்கையாவுக்கு ஒரு சங்கடம் தெரிந்தது. தான் நடித்த படத்தை அவன் பார்த்ததே இல்லை. அவன் இடம் எப்போது வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும். திரையில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், கை போய்விட்டது. கல்யாணம் ஒன்று வந்தது, கை. சந்தை ஒன்று வந்தது, கை. தாலி கட்டும் நேரத்தில் ஐந்து பெரிய விரல்கள் திரை முழுக்க விரிந்து நின்றன. பெண்கள் கையில் கிடைத்ததை எறிந்தார்கள். யாரோ எறிந்த முறுக்கு அம்புரோஸின் நெற்றியில் பட்டது. மூன்றாவது தடவை டக்ளஸ் எழுந்து திரும்பிப் பார்த்தார்.

“தங்கையா, நீ அங்க நின்னது போதும். இங்க வந்து எம் பக்கத்துல உக்காரு.”

தங்கையா போனான். நாற்காலிகள் இரண்டுக்கும் நடுவில், டக்ளஸின் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வெட்டப் போகிற ஆடாவது கொஞ்சம் தழை தின்னும். அவன் எச்சிலைக்கூட விழுங்கவில்லை.

அரவேணு ரோடு வந்தது. கதாநாயகனின் கார் வந்தது. ஜனங்கள் ஆடினார்கள். திரையின் நடுவில், காமிராவுக்கு நேர் முன்னால், முப்பத்திரண்டு பல்லும் தெரிய இரண்டு காலும் தரையில் படாமல் குதித்துக்கொண்டிருந்தான் தங்கையா. கதாநாயகன்கூட ஒரு ஓரத்தில்தான் இருந்தான். தங்கையாவின் தலைக்குப் பின்னாலிருந்து யாருடைய கையோ ஒன்று எழுந்தெழுந்து ஆடியது.

மடுவத்தின் கூரை பறந்தது. தங்கையா அண்ணே, தங்கையா மாமா என்று குழந்தைகள்கூட எழுந்து நின்று கத்தின. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அழுவதற்குத் துண்டோடு வந்த தெய்வம்மா அதைத் தலைக்கு மேல் சுழற்றினாள். சின்னம்மை திரையருகில் போய், ஓடிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

டக்ளஸ் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். “அம்புரோஸு, திருப்பிப் போடு.”

சுருள் பின்னால் ஓடியது. தங்கையா வானத்திலிருந்து பின்பக்கமாகத் தரைக்கு இறங்கினான், கார் பின்பக்கமாக மலையேறியது. மறுபடி முன்னால். மறுபடி குதித்தான். மடுவம் மறுபடி கூரையைத் தூக்கியது.

“இன்னொருக்கா.”

மூன்றாவது தடவையில் தங்கையாவால் தாங்க முடியவில்லை. டக்ளஸின் காலைப் பிடித்துக்கொண்டான். “ஐயா, சுளுக்கே இல்லீங்க. பொய் சொல்லிட்டேன். முட்டைக்கு ஆசப்பட்டுப் போயிட்டேன். பேர மட்டும் அடிச்சுராதீங்க, பாதி ரூமுல இருக்கேன்.”

“அட, சும்மா இருப்பா,” என்றார் டக்ளஸ். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. கண் திரையில் இருந்தது. கழுத்தை இடது பக்கம் நீட்டினார், வலது பக்கம் நீட்டினார், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் ஒரே ஒருக்கா, அம்புரோஸு.”

நாலாவது தடவையும் ஓடி முடிந்தது. டக்ளஸ் தளர்ந்து பின்னால் சாய்ந்தார். தங்கையா ஒன்றும் புரியாமல் மெட்டில்டாவை ஏறிட்டுப் பார்த்தான். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“அவரும் அன்னைக்கு வயித்து வலின்னு பெரிய துரைகிட்ட லீவு போட்டுட்டு, உங்களுக்கு நேர் பின்னாலதானுங்க நின்னு ஆடுனாரு. ஊட்டியில ஆறு தடவ, இங்க நாலு தடவ பாத்தாச்சு, உங்க தலை மட்டும் விலகவே மாட்டேங்குதுங்க.”